குறையுடைய கைகள்

 

‘என்னைத் தூண்டிய ஆளுமை’ என்னும் பொதுத்தலைப்பில் எனக்கு முன் பேசியவர்கள் பாரதியையும் வள்ளலாரையும் எடுத்துக்கொண்டு இந்த அவையை நிறைத்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் இம்மண்ணில் பிறந்தவர் அல்லர், தமிழ் அறியாதவர், கவிதை எழுதியவரும் அல்லர். அமெரிக்க நாட்டுக் கத்தோலிக்கப் பெண்மணி. பெயர் டாரதி டே. சைவக் குடியில் பிறந்து இன்றளவும் வெள்ளி தவறாமல் விளக்கேற்றிவரும் இவளுக்கு ஏன் இந்தத் தேர்வு என்று உங்களுள் சிலர் புருவம் உயர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. காரணத்தைச் சொல்லிவிட்டே அவர் வாழ்வுக்குள் நுழைய வேண்டும். அந்தக் காரணம் எனக்குப் பெருமை தருவதன்று.

மூன்றாண்டுகளாக நான் இவ்வட்டத்தில் கவிதை படிப்பதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் உடல்நலம் சரியில்லை என்றேன். அது பொய். நான் கடைசியாக இங்கே படித்த கவிதை உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். என் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மையாரின் கைகளைப் பற்றியது. அன்று நீங்கள் கைதட்டினீர்கள். ஒருவர் எழுந்து வந்து அதைத் தம் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டார். நீங்கள் அறியாதது இது: அன்று காலையில்தான் அந்த அம்மையார் மகளின் பள்ளிக் கட்டணத்திற்காக மூவாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டிருந்தார். மாதக் கடைசி, பார்க்கலாம் என்றேன். பணம் என் கைப்பையிலேயே இருந்தது. கேட்டவுடன் கொடுத்துப் பழக்கக்கூடாது என்று ஒரு நடைமுறை ஞானம்! மாலையில் புதுப்புடவை உடுத்தி வந்து அவர் கைகளைப் பற்றி உங்கள்முன் உருகினேன். அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. அந்தப் பெண்குழந்தை பள்ளிக்குத் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியவந்தபோது அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகியிருந்தது.

அதன்பின் எழுதுகோலை எடுத்தபோதெல்லாம் கை கூசியது. தூய்மையற்றவளுக்கு அறம் பாட உரிமையில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவில் ஒரு சுகமும் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்நாளில்தான் என்னுடன் பள்ளியில் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் டாரதி டேயின் தன்வரலாற்றை எனக்குப் படிக்கக் கொடுத்தார். ‘நெடுந்தனிமை’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1952இல் வெளிவந்தது. புனிதரின் கதை என்று எண்ணித்தான் வாங்கினேன். புனிதர் கதைகள் எனக்கு அலுத்துப்போனவை.

அவர் 1897இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். தந்தை விளையாட்டுச் செய்தி எழுதும் இதழாளர். குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் இருந்தபோது, 1906இல், எதிர்க்கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்தது. வீடிழந்து படகேறி வந்தவர்களுக்கு ஓக்லண்டுத் தாய்மார் உடுத்த உடையும் உண்ண உணவும் அள்ளிக் கொடுத்ததை எட்டு வயதுச் சிறுமி பார்த்தாள். துன்பம் வந்த நாளில் இப்படி இருக்க முடிகிற மனிதர்கள் மற்ற நாள்களில் ஏன் இப்படி இருப்பதில்லை? பின்னாளில் அவர் செய்ததெல்லாம் இந்தக் கேள்வியைத் துரத்திச் சென்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டில் விட்டார். நியூயார்க் சென்று பொதுவுடைமைச் சார்புடைய இதழ்களில் எழுதினார். 1917இல் பெண்களின் வாக்குரிமைக்காக வெள்ளை மாளிகைமுன் நின்று சிறைப்பட்டு, உண்ணாநோன்பும் இருந்தார். பெற்ற உரிமையைக் கொண்டு அவர் வாழ்நாளில் ஒருமுறையும் வாக்களிக்கவில்லை என்பது வேறு கதை. நாடகாசிரியர் யூஜின் ஓநீல் மதுக்கடை மேசையில் அமர்ந்து ஆங்கிலக் கவிஞர் பிரான்சிஸ் தாம்சனின் நெடும்பாடலை மனப்பாடமாய்ச் சொல்ல, இவர் மெய்ம்மறந்து கேட்ட இரவுகளும் அக்காலத்தவை. ஒருவரைக் காதலித்துக் கருவுற்றார். அவரை இழந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் கருவைக் கலைத்தார். அவரோ விட்டுப் போனார். பின்னர் அவசரத்தில் ஒரு திருமணம், விரைவில் அதன் முறிவு. 1924இல் இவற்றையெல்லாம் வைத்து ஒரு புதினம் எழுதினார். அதன் திரைப்பட உரிமைப் பணத்தில் ஸ்டேட்டன் தீவின் கடற்கரையில் ஒரு குடில் வாங்கினார்.

அக்குடிலில் ஃபார்ஸ்டர் பாட்டர்ஹாம் என்னும் உயிரியலாளருடன் மணமின்றி வாழ்ந்தார். இயற்கையை நேசித்த மனிதர். அரசு, சமயம், திருமணம் ஆகிய எதிலும் நம்பிக்கையற்றவர். 1926 மார்ச்சில் மகள் தாமார் பிறந்தாள். கருக்கலைப்புக்குப்பின் இனித் தாயாக முடியாது என்று நம்பியிருந்தவருக்கு அந்த மகிழ்ச்சி பெரிதாயிருந்தது. நன்றி சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1927 டிசம்பரில் தாமும் திருமுழுக்குப் பெற்றார். கடவுளைத் தேர்ந்தால் காதலரை இழக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. இழந்தார். துன்பத்தினால் அல்லாமல் மகிழ்ச்சியினால் கடவுளிடம் சென்றவர் என்பதே என்னை முதலில் நிறுத்திய இடம். நம் மரபில்கூட இப்படிப்பட்டவர் மிகச் சிலரே.

1932 டிசம்பரில், வேலையற்றோர் வாஷிங்டனில் நடத்திய பட்டினி ஊர்வலத்தைச் செய்தி எழுதச் சென்றார். பழைய தோழர்கள் நடந்தார்கள். கத்தோலிக்கராகிவிட்ட இவர் ஓரத்தில் நின்று பார்த்தார். அமல உற்பவ அன்னையின் திருத்தலத்தில் அழுது வேண்டினார். வீடு திரும்பிய பின் அவரைத் தேடி வந்தவர் பீட்டர் மொரேன் என்னும் பிரெஞ்சு உழவர் குடிமகன். இருபது வயது மூத்தவர், கசங்கிய உடையினர், ஓயாமல் பேசுபவர். அவர் பேச்சிலிருந்து 1933 மே நாளில் ஓர் இதழ் பிறந்தது: ‘கத்தோலிக் வொர்க்கர்’. 57 டாலர் செலவில் 2,500 படிகள் அச்சிட்டு, ஒரு படி ஒரு சென்ட் என்று, செங்கொடிகள் நடுவே யூனியன் சதுக்கத்தில் விற்றார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் விற்பனை ஓர் இலட்சம். அவர் காலம் முழுதும் விலை ஒரு சென்ட்டைத் தாண்டவில்லை. நம் வட்டத்து இதழின் பொருளாளர் இதைக் கேட்டு மயங்காதிருக்க வேண்டுகிறேன்.

இதழில் எழுதியதைப் படித்தவர்கள் கதவைத் தட்டினார்கள். விருந்தோம்பலைப் பற்றி எழுதினீர்களே, எங்கே அந்த விருந்தோம்பல் இல்லம் என்று கேட்டார்கள். இல்லம் அப்படித்தான் தொடங்கியது. எழுதியதற்காக வாசகர் வந்து பிடித்துக்கொண்ட எழுத்தாளர் அவர்! என்னிடம் அப்படி எவரும் வந்ததில்லை. ஒருவர் வந்தார், அவரைத்தான் மாதக் கடைசி என்று அனுப்பினேன்.

மணிமேகலையின் அமுதசுரபி இங்கே உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் அமுதசுரபி வற்றாதது. டாரதியின் பானை நாள்தோறும் வற்றியது. கறிக்கடைக் கடன், மளிகைக் கடன், அச்சகக் கடன் என்று கடன்காரர் வரிசையில் நின்றார்கள். வந்தவர்களும் நம் கதைகளில் வரும் நன்றியுள்ள ஏழைகள் அல்லர். குடித்தார்கள், திருடினார்கள், ஒருவரையொருவர் அடித்தார்கள், நாற்றமெடுத்தார்கள். தாஸ்தயெவ்ஸ்கியின் கரமாசோவ் புதினத்தில், கனவில் செய்யும் அன்பையும் கையால் செய்யும் அன்பையும் பற்றிச் சோசிமா அடிகளார் கூறும் கடுமையான சொற்களை டாரதி வாழ்நாளெல்லாம் மேற்கோள் காட்டிவந்தார். கையால் செய்து பார்த்தவர் காட்டிய மேற்கோள் அது.

அவருடைய அரசியல் எவருக்கும் வசதியாக அமையவில்லை. இரண்டாம் உலகப் போரில்கூடப் போரை ஏற்கமாட்டேன் என்றார். இதழின் விற்பனை சரிந்தது, பல இல்லங்கள் மூடப்பட்டன, உடனிருந்தவர்களே பிரிந்தார்கள். 1948இல் காந்தியடிகள் கொல்லப்பட்டபோது தம் இதழில் இரங்கல் எழுதினார். 1949இல் நியூயார்க்கின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, குருமாணவர்களைக் கொண்டு குழி தோண்டச் செய்தார் கர்தினால் ஸ்பெல்மன். டாரதி தொழிலாளர் பக்கம் நின்றார். நாள்தோறும் திருப்பலிக்குச் செல்லும் ஒருவர் தம் கர்தினாலுக்கு எதிரே நிற்பது எத்தகையது என்பதைச் சமயப் பற்றுள்ளவர்கள் அறிவார்கள். 1960இல், சுரங்கப் பாதைக்காக எடுத்துக்கொண்ட வீட்டுக்கு மாநகராட்சி இழப்பீடு தந்தபோது, அசலை மட்டும் வைத்துக்கொண்டு வட்டியான 3,579 டாலர் 39 சென்ட்டைத் திருப்பி அனுப்பினார். வட்டியில் தமக்கு நம்பிக்கையில்லையாம். 1973இல், 75ஆம் வயதில், கலிபோர்னியத் திராட்சைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கைதானார். மடக்கு முக்காலியில் அவர் அமர்ந்து நிமிர்ந்து பார்க்க, இடுப்பில் துப்பாக்கியுடன் காவலர்கள் இருபுறமும் நிற்கும் ஒளிப்படம் ஒன்று உண்டு. அதன் படி என் மேசைமேல் இருக்கிறது.

கவிஞர்கள் கூடிய அவை இது. ஆகவே கவிஞர்கள் தொடர்பான இரு நிகழ்ச்சிகளை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். 1956இல், இல்லத்தில் தீப்பாதுகாப்பு விதிகள் மீறப்பட்டதாக நீதிமன்றம் 250 டாலர் தண்டம் விதித்தது. நீதிமன்றத்துக்குப் புறப்பட்டு வாசலில் இறங்கினார் டாரதி. பழந்துணிக்காகக் காத்துநின்றவர்களின் கூட்டத்திலிருந்து, கசங்கிய உடையணிந்த ஒருவர் முன்வந்து ஒரு தாளை நீட்டி, ‘இரண்டு ஐம்பது’ என்று முணுமுணுத்தார். இரண்டரை டாலர் என்று எண்ணி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். சுரங்க ரயிலில் அமர்ந்து பிரித்துப் பார்த்தால் 250 டாலர் காசோலை; கையெழுத்து டபிள்யூ. எச். ஆடன்! இருபதாம் நூற்றாண்டின் பெருங்கவிஞரை இரவலர் என்று கருதிவிட்டார். ஆடனுக்கு இதைவிடச் சிறந்த பாராட்டு எங்கும் கிடைத்திராது என்பது என் துணிபு.

மற்றது இத்தனை இனிமையானதன்று. 1962 அளவில், இல்லத்தோடு தொடர்புடைய எட் சாண்டர்ஸ் என்னும் இளங்கவிஞர், இல்லத்தின் படியெடுக்கும் பொறியிலேயே ஒரு கவிதைச் சிற்றேட்டை அச்சிட்டார். அதன் பெயரை இந்த அவையில் என்னால் சொல்ல இயலாது. டாரதி வெகுண்டார். அதில் தொடர்புடைய இளைஞர்களை இல்லத்தைவிட்டே வெளியேற்றினார். குடிகாரரையும் திருடரையும் வெளியேற்றாத வீடு, தம் உழைப்பைக் கூலியின்றித் தந்த கவிஞர்களை வெளியேற்றியது. இதில் நான் இளைஞர்களின் பக்கம். பூசிமெழுகி ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அவர் 1980 நவம்பர் 29 அன்று, ஏழைப் பெண்களுக்காக நியூயார்க்கில் அமைத்த இல்லத்திலேயே, 83ஆம் வயதில் மறைந்தார். 2000இல் அவரைப் புனிதராக்கும் பணி தொடங்கியது. இறை ஊழியர் என்னும் பெயர் வந்தது. 2021 டிசம்பரில் நியூயார்க் உயர்மறைமாவட்ட அளவிலான விசாரணை நிறைவெய்தியது. தம்மைப் புனிதர் என்று அழைக்க வேண்டாம், அவ்வளவு எளிதாகத் தம்மை ஒதுக்கிவைத்துவிட இடம்தரமாட்டேன் என்று அவர் கூறியதாக எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே ஒதுக்கிவைக்கும் வேலையும் நடக்கிறது. எப்படி? பாவங்களையெல்லாம் முன்பாதியில் அடுக்குகிறார்கள்: காதல், கருக்கலைப்பு, மணமுறிவு. நடுவில் திருமுழுக்கு. பின்பாதியில் புண்ணியம். இருளை எவ்வளவு கருப்பாகத் தீட்டினால் ஒளி அவ்வளவு வெளுப்பாகத் தெரியும் என்பது வரலாறு எழுதுவோரின் பழைய தந்திரம்.

இந்த வரிசையை நான் ஏற்கவில்லை. என் பார்வையில் அவருடைய கனமான குறை திருமுழுக்குக்குப் பிந்தையது. அது மகள் தாமார் தொடர்பானது. உலகத்து ஏழைகளுக்கெல்லாம் தாயானவர் ஊர் ஊராகப் பேசச் சென்றபோது, மகள் பிறர் பொறுப்பில் வளர்ந்தாள். சத்தமும் நெரிசலும் அந்நியருமாக இருந்த வீடுதான் அவள் வீடு. பதினெட்டு வயதில் மணம், ஒன்பது குழந்தைகள், வறுமை, தோல்வியுற்ற மணவாழ்வு. தாயை மதித்து நேசித்த அந்த மகள் நாளடைவில் தாயின் திருச்சபையைவிட்டு விலகிப்போனாள். தாமாரின் கடைசி மகள் கேட் ஹென்னசி 2017இல் எழுதிய நூலில் பாட்டியும் தாயும் ஒருவரையொருவர் எவ்வளவு நேசித்தார்கள், எவ்வளவு காயப்படுத்தினார்கள் என்பதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவர் தம்மைப் பற்றி எல்லாவற்றையும் துணிந்து சொன்னவரும் அல்லர். இளமையில் எழுதிய புதினத்தின் படிகளைத் தேடித் தேடி அழித்தார். ‘நெடுந்தனிமை’யில் கருக்கலைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெட்கம் அவரையும் வாயடைக்கச் செய்தது. இதைக் கண்டபோது அவர் எனக்கு அணுக்கமானார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெட்கம் அவர் வாயை ஓரிடத்தில் அடைத்தது. கையை எங்கும் கட்டவில்லை. மறுநாள் காலையில் சூப்புக்குக் காய் நறுக்க வேண்டியிருந்தது, நறுக்கினார். மாதந்தோறும் ‘திருப்பயணத்தில்’ என்னும் தம் பத்தியை எழுத வேண்டியிருந்தது, முதுமைவரை எழுதினார். அந்தப் பத்தியைப் படித்திருப்பவர்கள் அறிவார்கள்: அதில் வானிலை இருக்கும், காய்கறி இருக்கும், இறந்தவர் பெயர் இருக்கும், கட்டவேண்டிய கடன் இருக்கும். தான் தகுதியுடையவளா என்று நின்று ஆராய்வதற்கு அதில் இடமில்லை.

என் மௌனத்தை நான் தவம் என்று எண்ணியிருந்தேன். மூன்றாண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்; அந்த அம்மையாரை ஒருநாளும் பார்க்கச் செல்லவில்லை.

என்னை எழுப்பி நடக்கவைத்தது இந்த ஒரு நிகழ்ச்சி. ஃபார்ஸ்டர், டாரதியைப் பிரிந்தபின் நானெட் என்னும் பெண்ணோடு முப்பதாண்டு வாழ்ந்தார். 1959இல் நானெட்டுக்குப் புற்றுநோய் முற்றியது. செய்வதறியாத ஃபார்ஸ்டர் உதவி கேட்டது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? டாரதியிடம். அவர் சென்றார். தம் காதலரோடு வாழ்ந்த பெண்ணை மாதக்கணக்கில் அருகிருந்து கவனித்தார். 1960 சனவரியில் நானெட் இறந்தார். டாரதியின் மனத்தில் அப்போது என்னென்ன புகைந்ததோ! புகையாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. புனிதமான பொறுமை என்று சொல்லவும் விரும்பவில்லை. நோயாளிக்குத் துணை தேவைப்பட்டது, அவர் போனார். மனம் தூய்மையான பிறகு போகலாம் என்று காத்திருந்தால் நானெட் அதற்குள் இறந்திருப்பார்.

இதைப் படித்த மறுநாள் நான் அந்த அம்மையாரின் வீட்டைத் தேடிச் சென்றேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டாம் சந்து. என் வீட்டில் ஒன்பதாண்டு வேலை செய்தவர். அவர் வீடு எங்கே என்று அன்றுதான் விசாரித்தேன். நாற்காலி போட்டார், தேநீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். ‘அதெல்லாம் ஆன கதை டீச்சரம்மா’ என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அவருக்கில்லை. மகள் துணிக்கடையிலிருந்து இரவு ஒன்பதரைக்குத்தான் வருவாள் என்றார். தனித்தேர்வராய்ப் பத்தாம் வகுப்பு எழுத அவளுக்கு விருப்பமிருக்கிறதா என்று கேட்டேன். அவளிடமே கேளுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவள் வருகிறாள். சில ஞாயிறு வருவதில்லை. கணக்கு எனக்கே சரியாக வராது, இருவரும் சேர்ந்து திணறுகிறோம்.

மலர்க்குழுவினர் அந்தப் பழைய கவிதையை இப்பத்தாம் ஆண்டு மலரில் சேர்க்க விரும்பினார்கள். அதற்கு இசைவு தர நான் மட்டும் போதாது என்று பட்டது. சென்ற வாரம் அந்த அம்மையாரிடம் சென்று கவிதையைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

‘வலக்கைனு எழுதியிருக்கீங்களே டீச்சரம்மா. எனக்கு இடக்கைதானே பழக்கம். பாத்திரம் தேய்க்கிறதெல்லாம் இடக்கையிலேதானே செய்வேன்’ என்றார்.

அந்த வரியை இன்னும் திருத்தி முடிக்கவில்லை. ஆகவே மலருக்கு அக்கவிதையைத் தரவில்லை, இவ்வுரையைத் தருகிறேன்.